பணம் இருந்தால் பெயர் நிற்குமா?

2 பிப்ரவரி. பண்ருட்டிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டது

அண்ணே, அப்பாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. முந்திரி வியாபாரத்தில் நன்றாகச் சம்பாதித்தவர். கொஞ்ச நாளாக, "எனக்கப்புறம் என் பேரு சொல்ல என்னா இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். ஊர் முகப்பில் வளைவு கட்டி அப்பா பெயரைப் போடலாம் என்கிறார் மாமா. கோயிலுக்குக் கொடுக்கலாம் என்கிறார் அம்மா. எனக்கு இரண்டுமே வீண் செலவாகத் தெரிகிறது. பணம் இருக்கிறவரைக்கும் புகழ், அது போனால் இதுவும் போகும். வரலாற்றில் இடம் என்பதெல்லாம் ராஜாக்களுக்குத்தான். புதுச்சேரியில் கல்லில் எழுத்து வெட்டுகிறவர் நீங்கள், என்ன சொல்கிறீர்கள்?

2 பிப்ரவரி, இரவு

தம்பி, அப்பாவின் ஆசையை வீண் என்று ஒதுக்காதீர்கள். என் பட்டறைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்த ஆசையோடுதான் வருகிறார்கள். வெளியில் சொல்லக் கூச்சம். "ஊருக்குத்தான் செய்யுறோம், பேரு சின்னதா இருந்தா போதும்" என்பார்கள். எழுத்தை வெட்டி, பள்ளத்தில் கறுப்பு நிரப்பித் துடைத்துக் காட்டும்போது கை தானாகப் போய் அந்தப் பெயரைத் தடவும். அந்தக் கைகளைப் பார்த்தே எனக்கு வயதாகிவிட்டது. அதில் பெருமையைவிடப் பயம்தான் அதிகம். நான் இருந்தேன் என்று ஒருவருக்காவது தெரியவேண்டுமே என்கிற பயம். அதைப் பார்த்து நான் சிரித்ததில்லை.

ஆனால் வளைவு வேண்டாம். கம்பி துருப்பிடித்து உப்பும், சிமெண்டு உதிரும். சாலையை அகலப்படுத்த வந்தால் முதலில் இடிபடுவதும் அதுதான். அதற்குக் கீழே போகிறவர்கள் வண்டியில் போகிறார்கள், அண்ணாந்து பார்ப்பதில்லை.

4 பிப்ரவரி

கல்லில் வெட்டிவிட்டால் நிரந்தரம்தானே என்று வேறொருவர் கேட்டிருக்கிறார். தொழில்காரனாகச் சொல்கிறேன்.

பளிங்கு பார்க்க அழகு. வெள்ளைக் கல்லில் கறுப்பு எழுத்து பளிச்சென்று தெரியும். ஆனால் அது சுண்ணாம்புச் சத்துள்ள கல். மழையும் உப்புக்காற்றும் மேலே இருக்கும் மெருகைத் தின்றுவிடும். பள்ளத்தில் நிரப்பிய வண்ணம் உதிரும். கடற்கரைப் பக்கத்துத் தெருக்களில் திறப்பு விழாக் கல்வெட்டுகளைப் பாருங்கள், தலைமை தாங்கியவர் பெயர் எது, முன்னிலை வகித்தவர் பெயர் எது என்று கையால் தடவித்தான் படிக்க வேண்டியிருக்கும். கருங்கல் நிற்கும். அதிலும் உளியால் ஆழமாக, இரண்டு சரிவும் அடியில் சேரும்படி வெட்டிய எழுத்து நிற்கும். வண்ணம் போனாலும் வெயில் சாய்வாக விழும்போது நிழலே எழுத்தைக் காட்டிக்கொடுக்கும். சோழர் காலத்துக் கல்வெட்டை இன்றும் படிக்க முடிவது இதனால்தான்.

இப்போது யார் உளி பிடிக்கிறார்கள்? கம்ப்யூட்டரில் எழுத்தை வெட்டி ஸ்டிக்கராக ஒட்டி, மணலைக் காற்றில் பீய்ச்சி அடித்தால் வேலை சீக்கிரம் முடிகிறது. நானும் அதைத்தான் செய்கிறேன். ஆழம் கிடையாது. கோயில் திருப்பணி என்று சொல்லி இதே மணல் வீச்சால் பழைய சுவர்களைச் சுத்தம் செய்து எத்தனையோ கல்வெட்டுகளை மழுங்கடித்தார்கள். அப்புறம்தான் அரசு அதைத் தடை செய்தது. எழுதவும் அழிக்கவும் அதே மணல்தான் என்பது எனக்கு உறுத்தல்.

இன்னொன்றும் சொல்கிறேன். பழைய திறப்பு விழாக் கற்கள் பட்டறைக்குத் திரும்பி வரும். கட்டடம் இடிபட்டிருக்கும், கல் நல்ல கல்லாக இருக்கும். பின்பக்கத்தை மெருகேற்றி வேறு பெயர் வெட்டித் தரச் சொல்வார்கள். முன்பக்கத்துப் பெயர் சுவருக்குள் போய்விடும். அப்படி எத்தனையோ பெயர்களை நானே உள்ளே தள்ளிப் பூசச் சொல்லிக் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

5 பிப்ரவரி

வரலாறு ராஜாக்களுக்குத்தான் என்று எழுதியிருந்தீர்களே தம்பி, அது மனதைக் குடைந்துகொண்டே இருந்தது. எங்கள் ஊரிலேயே பதில் இருக்கிறது.

கடற்கரைச் சாலையின் தெற்குக் கோடியில் துய்ப்ளேக்ஸ் சிலை நிற்கிறது. 1742 முதல் 1754 வரை இங்கே பிரெஞ்சு கவர்னர். நவாபுகளை ஏற்றினார், இறக்கினார். 1754இல் பிரான்சுக்குத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். கம்பெனிக்காகப் போட்ட சொந்தப் பணத்தைக் கேட்டு அலைந்து, 1763இல் பாரிசில் வறுமையில் இறந்தார். சிலை வைத்ததே 1870இல்தான், இறந்து நூறு ஆண்டு தாண்டி.

அவரிடம் துபாஷாக, அதாவது மொழிபெயர்த்துச் சொல்கிற தரகராக இருந்தவர் ஆனந்த ரங்கப்பிள்ளை. 1736இல் நாட்குறிப்பு எழுத ஆரம்பித்து 1761இல் சாகும்வரை விடாமல் எழுதினார். தமிழில், அன்றைய பேச்சு வாடையோடு. எந்தக் கப்பல் வந்தது, என்ன சரக்கு இறங்கியது, துணி வியாபாரிகள் என்ன பேசிக்கொண்டார்கள், யார் யாரைப் பற்றிக் கோள் சொன்னார், துரை எப்போது சிரித்தார், துரை மனைவி எதில் தலையிட்டார், எல்லாம். 1748இல் வேதபுரீசுவரர் கோயிலை இடித்ததையும் எழுதிவைத்தார். அவர் இறந்த அதே மாதம் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்தார்கள். அப்புறம் ஊரையே இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். அந்த நாட்குறிப்பு 1846இல்தான் வெளியில் வந்தது. சென்னை அரசாங்கம் 1904 முதல் 1928 வரை ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாக அச்சிட்டது.

துரைக்குச் சிலை இருக்கிறது. அந்தத் துரை காலை எழுந்து என்ன பேசினார் என்று தெரிய வேண்டுமானால் பிள்ளையிடம்தான் போகவேண்டும்.

5 பிப்ரவரி, சற்று நேரம் கழித்து

பிள்ளைக்கும் பட்டம் பதவி ஆசை உண்டு, அதையும் சொல்லவேண்டும். ஐதராபாத் நிஜாமாக இருந்த முசாபர் ஜங் கொடுத்த மன்சப் என்ற பதவி மரியாதை, பல்லக்கு, வாத்தியம், தனக்கு யார் எழுந்து நின்றார், யார் நிற்கவில்லை, எல்லாவற்றையும் அக்கறையாகக் குறித்தவர். அந்த மரியாதைகளை நம்பித்தான் அவரும் இருந்திருப்பார். அவை போய்விட்டன, குறித்த தாள் இருக்கிறது.

7 பிப்ரவரி

மேலே எழுதியதை இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். பிள்ளையை வைத்துப் பணம் முக்கியமில்லை என்று சொல்லிவிட முடியாது. அவர் பெரிய பணக்காரர். சொந்தக் கப்பல் விட்டவர். ரங்கப்பிள்ளை வீதியில் அவர் மாளிகை இன்றும் நிற்கிறது, கீழே ஒரு பாணி, மேலே ஒரு பாணி. காகிதம் வாங்க, எழுத நேரம் ஒதுக்க, எழுதியதைச் செல் அரிக்காமல் பல தலைமுறை வீட்டில் வைத்திருக்க, எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். அவர் காலத்தில் துணி நெய்தவர்களும், வெளுத்தவர்களும், படகில் அலை தாண்டி மூட்டை இறக்கியவர்களும் நாட்குறிப்பு எழுதவில்லை. அவர்கள் பெயர் நமக்குக் கிடைத்த அளவுக்குப் பிள்ளை மாதிரி யாரோ எழுதியதால்தான் கிடைத்தது.

ஆகவே பணம் பெயரை வாங்கித் தராது என்று நான் சொல்லப்போவதில்லை. தெரிந்தோ தெரியாமலோ அது பலமுறை வாங்கித் தந்திருக்கிறது. எதில் போட்டார்கள் என்பதைத்தான் பார்க்கவேண்டும்.

8 பிப்ரவரி

பணம் பெயரை வாங்கியதற்குக் கடலூரிலேயே பெரிய சான்று இருக்கிறது.

1690இல் ஆங்கிலக் கம்பெனி தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராத்தியரிடமிருந்து வாங்கியது. பீரங்கியைச் சுடுவது, குண்டு போய் விழும் எல்லைக்குள் இருக்கிற ஊரெல்லாம் கம்பெனிக்கு என்று பேச்சு. அந்த ஊர்களைக் குண்டுக் கிராமம் என்றார்கள். குண்டு உப்பலவாடி இன்றும் அந்தப் பெயரில்தான் இருக்கிறது. அப்போது சென்னையில் கவர்னர் எலிகு யேல். பதவியை வைத்துச் சொந்த வியாபாரம் செய்து குவித்தார் என்று குற்றம் சாட்டி 1692இல் அவரை நீக்கினார்கள். இங்கிலாந்துக்குப் போனபோது மூட்டை மூட்டையாகச் செல்வம்.

அமெரிக்காவில் கனெக்டிகட்டில் ஒரு சின்னக் கல்லூரி கட்டடத்துக்குப் பணமில்லாமல் திண்டாடிக்கொண்டிருந்தது. 1718இல் யேல் 9 பொதி சரக்கு, 417 புத்தகங்கள், ஜார்ஜ் மன்னரின் படம் ஒன்று அனுப்பினார். சரக்கை விற்றுக் கட்டடம் கட்டினார்கள், கல்லூரிக்கு அவர் பெயரை வைத்தார்கள். அதுதான் யேல் பல்கலைக்கழகம். அவரிடம் இருந்த செல்வத்துக்கு அது சில்லறை. இந்தக் கரையில் அவர் பெயர் யாருக்கும் தெரியாது, உலகம் முழுக்கத் தெரியும்.

இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. அந்தப் பணம் எப்படி வந்தது என்பது ஒரு பக்கம், அது எங்கே போய் என்ன ஆயிற்று என்பது இன்னொரு பக்கம். இரண்டையும் ஒரே தராசில் வைக்க என்னால் முடியவில்லை. படித்த பிள்ளைகள் மீது கோபப்பட என்ன இருக்கிறது?

9 பிப்ரவரி

யேல் கதைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியது பாகூர். புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவில் இருக்கிற அதே பாகூர்தான்.

ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், அங்கே ஒரு வித்யாஸ்தானம் இருந்தது. கல்லூரி என்றே சொல்லலாம். அதை நடத்த மூன்று ஊர்களை எழுதிக் கொடுத்தார்கள். நிலைதாங்கி என்ற தலைவன் மன்னனிடம் கேட்டு வாங்கித் தந்த கொடை. அது செப்பேட்டில் இருக்கிறது, வடமொழியிலும் தமிழிலும்.

யேல் 9 பொதி கொடுத்தார், கல்லூரி நிலைத்தது, அவர் பெயரும் நிலைத்தது. நிலைதாங்கி மூன்று ஊர் கொடுத்தான், கல்லூரி இருந்த இடம்கூடத் தெரியவில்லை. செப்பேடு கிடைத்ததால் அவன் பெயர் படித்தவர்கள் நாலு பேருக்குத் தெரிகிறது. கொடுத்ததில் குறை இல்லை. கொடையை ஏற்றவர்களுக்குப் பின்னால் வந்தவர்கள் அதைத் தொடர்ந்து நடத்தினார்களா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது, அது கொடுத்தவன் கையில் இல்லை. அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். கல்லூரி, பள்ளி என்று கொடுப்பதாக இருந்தால், யாரிடம் கொடுக்கிறோம் என்று பார்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

இன்னொரு விஷயம், இது என் தொழில் சம்பந்தப்பட்டது. அந்தச் செப்பேட்டைப் பொறித்த காஞ்சிபுரத்துத் தட்டார் கடைசியில் தன் பெயரையும் பதித்திருக்கிறார். முதல்முறை அதைக் கேள்விப்பட்டபோது எழுந்து நின்றுவிட்டேன். மன்னன், கேட்டுக் கொடுத்தவன், வாங்கிய கல்லூரி, எழுத்து வெட்டியவன், நாலு பேரும் ஒரே ஏட்டில். நாங்கள் இப்போது அடியில் ஃபோன் நம்பர் போடுகிறோம், பெயர் போடுவதில்லை.

9 பிப்ரவரி, இரவு

டியூப் லைட்டில் பாதியை மறைத்து 'உபயம்' எழுதுவதைப் பற்றி ஒருவர் கிண்டலாக எழுதியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை. வில்லியனூர்ப் பக்கத்தில் பூ விற்கிற அம்மா ஒருவர் சீட்டுப் பணம் எடுத்துக் கோயிலுக்கு ஒரு விளக்கு வாங்கிக் கொடுத்தார். அதில் இறந்துபோன மகன் பெயரை எழுதச் சொல்லி என்னிடம் கொண்டுவந்தார். காசு வாங்காமல் எழுதினேன். அந்தப் பெயர் வேறெங்கே இருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

11 பிப்ரவரி

அம்மா கோயிலுக்குக் கொடுக்கலாம் என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் இருப்பது பண்ருட்டி. திருவதிகை வீரட்டானம் பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு மாலை அப்பாவை அழைத்துக்கொண்டு போய்ச் சுவர்களைக் காட்டுங்கள்.

சோழர் காலத்துக் கோயில்களில் அடிக்கடி வருகிற கொடை நந்தா விளக்கு. அணையாமல் எரிய வேண்டிய விளக்கு. அதற்கு 90 ஆடு, 96 ஆடு என்று கொடுப்பார்கள். இடையர் ஆடுகளை ஏற்றுக்கொண்டு நாள்தோறும் நெய் அளக்க வேண்டும். செத்த ஆட்டுக்குப் பதில் குட்டி சேர்ந்துகொண்டே இருக்கும் என்பதால் 'சாவா மூவாப் பேராடு' என்று எழுதினார்கள். சந்திரனும் சூரியனும் உள்ளவரை என்று ஒப்பந்தம். முதலைத் தொடாமல் வருமானத்தில் விளக்கு எரிகிற ஏற்பாடு. இதைவிடக் கெட்டியாக இன்று பேங்கிலும் போட முடியாது.

அந்த விளக்குகள் எரியவில்லை. ஆடுகளின் வம்சம் எங்கே போயிற்றோ. கொடுத்தவர் பெயர் சுவரில் இருக்கிறது.

இப்படியே வடலூருக்கு வாருங்கள். 1867இல் வள்ளலார் தருமச்சாலை தொடங்கினார். பார்வதிபுரத்து மக்கள் எழுதிக் கொடுத்த ஏறக்குறைய 80 காணி நிலம். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை, போகிறவர்களுக்கு இன்றும் சோறு கிடைக்கிறது. நிலம் கொடுத்தவர்கள் பெயரைப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களிடம் கேட்டால் சொல்லமாட்டார்கள்.

ஓரிடத்தில் விளக்கு அணைந்து பெயர் நின்றது. இன்னோரிடத்தில் அடுப்பு எரிகிறது, பெயர் தெரியவில்லை. உங்கள் அப்பாவுக்கு எது வேண்டும் என்று கேளுங்கள். இரண்டில் எது உயர்ந்தது என்று நான் சொல்லமாட்டேன். என்னைக் கேட்டால் அடுப்பு. ஆனால் நான் பெயர் வெட்டிப் பிழைக்கிறவன், பெயர் கேட்டு வருகிறவரிடம் பெயர் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

வள்ளலார் தம் பாடல்கள் அச்சானபோது 'இராமலிங்கசாமி' என்று பெயர் போடச் சம்மதிக்கவில்லை. ஆரவாரமான பெயராகத் தோன்றுகிறது என்று கடிதம் எழுதினார். பெயர் வேண்டாம் என்றவர் பெயரில் இன்று ஊருக்கு ஊர் தெரு இருக்கிறது. இதை என்னால் எந்தக் கணக்கிலும் அடக்க முடியவில்லை.

12 பிப்ரவரி

ஆயி மண்டபத்தை நெப்போலியன் கட்டினார் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். வாட்டர்லூவில் தோற்ற நெப்போலியன் இல்லை. அவருடைய தம்பி மகன் மூன்றாம் நெப்போலியன் ஆட்சிக் காலம். முத்திரையர்பாளையத்திலிருந்து ஊருக்குள் தண்ணீர் கொண்டுவந்தபோது கட்டியது. இப்போது பாரதி பூங்கா நடுவில் நிற்கிறது, புதுச்சேரி அரசின் சின்னமும் அதுதான்.

கதை எல்லோருக்கும் தெரிந்திருக்கும். விஜயநகர மன்னர் கிருஷ்ணதேவராயர் இந்தப் பக்கம் வந்தபோது விளக்கு வரிசையோடு ஒரு மாளிகையைப் பார்த்துக் கோயில் என்று கும்பிட்டாராம். அது ஆயி என்ற தாசியின் வீடு என்று தெரிந்ததும் இடிக்கச் சொன்னாராம். நானே இடிக்கிறேன் என்று கேட்டு வாங்கி, அந்த இடத்தில் குளம் வெட்டினாளாம். அந்த ஊற்றுநீர்தான் பின்னாளில் பிரெஞ்சுக்காரர்களுக்கும் குடிநீர்.

அந்தப் பெண் உண்மையில் இருந்தாளா என்பதற்கு நான் வெட்டுகிற மாதிரியான கல் ஆதாரம் கிடையாது. அவள் பணம் எவ்வளவு என்று யாரும் எழுதிவைக்கவில்லை. கதையில் மன்னருக்குக் கிடைத்த இடம் கோபப்பட்ட இடம். தண்ணீர் கிடைத்த ஊர் அவளை மறக்கவில்லை, ஒரு பேரரசர் ஆட்சியில் அவளுக்கு மண்டபம் எழுந்தது, அவ்வளவுதான் உறுதி.

கடலூரில் அஞ்சலையம்மாள் இருந்தார், முதுநகர்க்காரர். 1927இல் சென்னையில், 1857 கிளர்ச்சியைக் கொடூரமாக ஒடுக்கிய கர்னல் நீல் சிலையை அகற்றச் சொல்லி நடந்த போராட்டத்தில் மகளோடு சிறை போனவர். நீலுக்கு வெள்ளைக்காரன் பெரிய வெண்கலச் சிலை வைத்திருந்தான். 1937இல் காங்கிரஸ் ஆட்சி அதைக் கழற்றி மியூசியத்துக்கு அனுப்பியது. அந்த அம்மாள் சட்டமன்றத்துக்குப் போனார், தண்ணீர் இல்லாத ஊருக்குக் கிளை வாய்க்கால் வெட்ட வைத்தார். அதை அஞ்சலை வாய்க்கால் என்கிறார்கள்.

ஆயியும் தண்ணீர், அஞ்சலையம்மாளும் தண்ணீர். நான் திட்டமிட்டு எழுதவில்லை, எழுதிப் பார்த்தபோது அப்படி வந்துவிட்டது.

14 பிப்ரவரி

பாரதியாரை விட்டுவிட்டு இந்தப் பேச்சை எப்படிப் பேசலாம் என்று ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். விடவில்லை அம்மா, தயங்கிக்கொண்டிருந்தேன்.

1908இல் இங்கே வந்தார். பத்து ஆண்டு. குயில் பாட்டும் பாஞ்சாலி சபதமும் இந்த ஊரில் பிறந்தவை. கையில் காசு கிடையாது. 1918 நவம்பரில் புதுச்சேரி எல்லையைத் தாண்டியதும் பிடித்துக் கடலூர்ச் சிறையில் வைத்தார்கள். 1920இல் தம் எழுத்துகளை 40 நூல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் பத்தாயிரம் பிரதி அச்சடிக்க நண்பர்களிடம் கடன் கேட்டுச் சுற்றறிக்கை அனுப்பினார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல வீடு வீடாக விற்கும் என்று கணக்குப் போட்டிருந்தார். பணம் வரவில்லை. அடுத்த ஆண்டு செப்டம்பரில் இறந்துபோனார்.

பணம் இல்லாமலும் பெயர் நிற்கும் என்பதற்கு அவரைக் காட்டுவார்கள். நான் காட்டமாட்டேன். அந்த 40 நூலும் அவர் கண்முன் வந்திருந்தால் என்று நினைக்கும்போது வயிறு எரிகிறது. அந்தக் கடிதம் கிடைத்த பணக்காரர் ஒருவர் கொடுத்திருந்தால் அவருடைய பெயரும் இன்று பாரதியோடு சேர்ந்து நின்றிருக்கும்.

ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவில் அவர் வீடு நினைவில்லமாக இருக்கிறது. போய்ப் பாருங்கள்.

15 பிப்ரவரி. பண்ருட்டி வாசகர் மறுபடி எழுதியது

அப்பாவிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன் அண்ணே. ரங்கப்பிள்ளை நாட்குறிப்பைப் பற்றிப் படித்ததும் எழுந்து போய் பரணிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியை இறக்கச் சொன்னார். வியாபாரம் ஆரம்பித்த நாளிலிருந்து எழுதிய கணக்கு நோட்டுகள். இதை எடைக்குப் போடலாம் என்று நான் போன வருஷம் சொல்லியிருந்தேன்.

15 பிப்ரவரி, உடனே

போடாதீர்கள். ஒரு தாளைக்கூடப் போடாதீர்கள்.

15 பிப்ரவரி, இரவு

பட்டறையைச் சாத்திவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

அந்தப் பெட்டியில் கொட்டை எந்த வருஷம் என்ன விலை, எந்தக் கொல்லையிலிருந்து எத்தனை மூட்டை, கூலி எவ்வளவு, யாருக்கு முன்பணம், எல்லாம் இருக்கும். 2011 டிசம்பர் 30 விடிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை கடந்தது. உங்கள் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. அதற்கு முந்தின சீசனில் எத்தனை மூட்டை, அடுத்த சீசனில் எத்தனை, கடனை யார் திருப்பித் தந்தார், யாரால் முடியவில்லை என்று அப்பா கைப்பட எழுதிய ஏடு அது. அரசாங்கக் கணக்கில் மொத்த நஷ்டம்தான் இருக்கும். ஒரு வீட்டுக் கணக்கு அதில் கிடைக்காது.

புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேட்டில் 1945இல் தொல்லியல் அறிஞர் மார்ட்டிமர் வீலர் தோண்டினார். ரோமானிய ஜாடிகளோடு தமிழ் பிராமியில் பெயர் கீறிய பானை ஓடுகளும் அங்கே கிடைத்திருக்கின்றன. நம் மக்கள் பெயர்கள்தான். இரண்டாயிரம் ஆண்டு கழித்து மியூசியத்தில் இருக்கவேண்டும் என்றா கீறினார்கள்? என் பானை என்று தெரிவதற்காகக் கீறியிருப்பார்கள். அப்பாவும் எடைக் கணக்கு தப்பக்கூடாது என்று எழுதியிருப்பார்.

ரோஜா முத்தையா செட்டியார் என்று ஒருவர் இருந்தார், கோட்டையூர்க்காரர். சென்னையில் விளம்பரப் பலகை எழுதிய ஓவியர், எங்கள் தொழில்காரர். பழைய புத்தகம், நாடக நோட்டீசு, கல்யாணப் பத்திரிகை என்று ஊர் தூக்கிப் போட்டதை எல்லாம் காசு கொடுத்து வாங்கிச் சேர்த்தார். ஏறக்குறைய ஒரு லட்சம் உருப்படி. 1992இல் அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் மொத்தத்தையும் வாங்கியது. அதுதான் சென்னையில் அவர் பெயரிலேயே நூலகமாக இருக்கிறது. கல்யாணப் பத்திரிகைக்கே அந்த மதிப்பு என்றால் ஒரு வியாபாரியின் ஆயுள் கணக்குக்கு எவ்வளவு இருக்கும்!

இப்போது செய்யவேண்டியதைச் சொல்கிறேன். பெட்டியை வெயிலில் வைக்காதீர்கள், நிழலில் காற்றாட வையுங்கள். பிளாஸ்டிக் உறையில் போட்டால் புழுங்கிப் பூஞ்சை பிடிக்கும், பருத்தித் துணியில் சுற்றுங்கள். நடுவில் வசம்பு போடுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் ஃபோனில் படம் எடுங்கள். படத்தை நம்பி நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள். அப்புறம் முக்கியமானது: அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பக்கம் பக்கமாகக் கேளுங்கள். 'பெரியாண்டி கொல்லை 4' என்று எழுதியிருந்தால் அது யார், எந்தக் கொல்லை, நாலு மூட்டையா நாலு ஆளா என்று அவருக்குத்தான் தெரியும். அவர் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

17 பிப்ரவரி

7ஆம் தேதி எழுதியதற்கே திரும்பி வருகிறேன். மூட்டை இறக்கியவர்கள் பெயர் பிள்ளை மாதிரி யாரோ எழுதிய அளவுக்குத்தான் கிடைத்தது என்றேன். உங்கள் வீட்டு நோட்டிலும் கொட்டை உடைத்த பெண்கள் 'ஆள் 12, கூலி இவ்வளவு' என்றுதான் இருப்பார்கள். முந்திரி ஓட்டுப் பால் பட்டுக் கை கறுத்து, தோல் உரிந்து, சாம்பலைப் பூசிக்கொண்டு உடைத்தவர்கள் அவர்கள்தான். அப்பா சம்பாதித்ததில் அந்தக் கைகளுக்குப் பங்கு உண்டு. அவர்கள் பெயர் அப்பாவுக்கு ஞாபகம் இருக்கும். பல பேர் அதே ஊரில்தான் இருப்பார்கள். தனியாக ஒரு நோட்டுப் போட்டு எழுதச் சொல்லுங்கள்.

20 பிப்ரவரி

உங்கள் பதில் கிடைத்தது தம்பி. அப்பா மூன்று நாளாகச் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுகிறீர்கள் என்று படித்தபோது சந்தோஷமாக இருந்தது. கல் ஆசையும் அவருக்கு விடவில்லை என்கிறீர்கள். விடவேண்டாம். உடைக்கிற கொட்டகையில் குடிதண்ணீர்த் தொட்டியும் கை கழுவக் குழாயும் கட்டப்போகிறார் என்றால் அங்கேயே வைப்போம்.

கருங்கல், மூன்றடிக்கு இரண்டடி. பளிங்கு வேண்டாம். மணல் வீச்சும் வேண்டாம், நானே உளியில் வெட்டித் தருகிறேன், நாள் பிடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அப்பா பெயர் மேலே ஒரு வரி, ஆண்டு கட்டாயம் வேண்டும். கீழே கொட்டகையில் வேலை பார்த்த பெண்களின் பெயர்கள், அப்பா ஒத்துக்கொண்டபடி, அதே அளவு எழுத்தில். கொத்தனார் பெயரும் வரட்டும். அடியில் ஓரமாக என் பெயரை வெட்டிக்கொள்ள அனுமதி கேட்கிறேன்.

பெயர்ப் பட்டியலை வாட்ஸ்ஆப்பில் அனுப்பும் முன்னால் ஒவ்வொருவரிடமும் நேரில் கேட்டு, அவர்கள் எப்படிச் சொல்கிறார்களோ அப்படியே எழுதுங்கள். ரேஷன் கார்டில் இருப்பதைப் பார்த்து எழுதவேண்டாம், அதில் பாதிப் பெயர் தப்பாக இருக்கும். இறந்துபோனவர்கள் இருந்தால் அவர்கள் பிள்ளைகளிடம் கேளுங்கள்.